கயிற்றின் மறுமுனை

ஆளைப் பார்த்து சீனியம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை. கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

காரை விட்டு இறங்கி வந்தபோது, மாதம் பத்துப் பேர் வருகிற மாதிரி இவரும் ஒரு நோயாளி என்றுதான் நினைத்தாள். புரட்டாசி வெயிலில் தலைக்குக் கம்பளிக் குல்லா. சட்டைக்குள் பாதி ஆள்தான் இருந்தார். வரப்பில் நடக்கத் தெரியாமல் ரெண்டு தடவை தடுமாறி, பதினேழாம் பாத்தியின் தலைமாட்டில் வந்து நின்றார். ஆறடி அகலம், இருபதடி நீளம், வெறும் மண்.

"இதுதானாம்மா என் பாத்தி?"

"இதுதான் சார். குடத்துல தண்ணி இருக்கு. மூணு கை அள்ளி ஊத்துங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிருவோம்."

முதல் தண்ணியை நோயாளி கையால் ஊற்றுவது கம்பெனி போட்ட சட்டம் இல்லை, பாத்திக்காரர்கள் ஆரம்பித்த வழக்கம். கம்பெனி பேரைச் சொல்லாது, நம்பரைத்தான் சொல்லும். யார் உயிருக்காக விதைக்கிறோம் என்று முகமாவது தெரியட்டுமே என்று ஆரம்பித்தார்கள். கம்பெனி முதலில் கூடாது என்றது. அப்புறம் அதற்கும் ஒரு சீட்டு அடித்து, தண்ணி ஊற்றியதாக நோயாளியிடம் கையெழுத்து வாங்க ஆரம்பித்தது. கையெழுத்து இல்லாவிட்டால் அவர்களுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

அவர் மூணு கை ஊற்றினார். மூச்சு வாங்கியது.

"ஏம்மா, இடைவெளி முப்பத்தெட்டு சென்டி. ஞாபகம் இருக்கா? நெருக்கிப் போட்டா என்னாகும்னு தெரியும்ல?"

"தெரியாமலா சார்? நெருக்கி வச்சா செடிக ஒண்ணையொண்ணு பாத்துப் பகைச்சுக்கிரும். பகை ஏற ஏறப் பூவுல விஷம் ஏறும். எட்டி வச்சா பயமத்துப் போயி, சாறு வெறும் தண்ணி."

"பகையெல்லாம் இல்லம்மா. பக்கத்துச் செடி இலையில பட்டு வர்ற வெளிச்சத்த வச்சு, கிட்டத்துல ஆள் இருக்குன்னு செடி கண்டுக்கிரும். அதுக்குத் தக்கன மருந்து கூடும், குறையும். ஒரு உடம்புக்கு ஒரு அளவு. ஆலையில கலந்து பாத்தாங்க, ஒத்துவரல. ஒரே பாத்தியில ஒண்ணா வளந்த சாறத்தான் உடம்பு ஏத்துக்குது. அப்புறம் விதைக்கிற நாள். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு வர்ற பதினாலாந் தேதி. ஒரு வாரம் தள்ளிட்டாலும் பனியில முளைக்கும், பூக்கும், ஆனா அது வேற சாறு."

"அதக் குடிச்சா?"

"குடிச்சா அவ்வளவுதான்." தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "முப்பத்தொன்பது கிலோ இருக்கேன். இது எதையும் தாங்காது."

"நோயாளிக இவ்வளவு தெரிஞ்சு வரமாட்டாகளே சார்."

"நானும் இந்தக் கம்பெனியிலதாம்மா இருந்தேன். தரப் பிரிவு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஓய்வு." சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கடைசி எழுத்தின் வால் மேலே வளைந்து தேள் கொடுக்கு மாதிரி நின்றது. சீனியம்மாளுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் அந்தக் கொடுக்கை அவள் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுப் பெட்டியில் இருக்கிற விசாரணைத் தாளின் கீழே அதே கொடுக்கு. விநாயகமூர்த்தி, தர அதிகாரி.

குடத்தைக் கீழே வைத்தாள்.

"போயிட்டு வாங்க சார். நல்லா விதைக்கிறோம்" என்றாள்.

அந்தப் பூவுக்குப் பேர் நித்தியகல்யாணி. ஊரில் சுடுகாட்டுப் பூ என்பார்கள். பழைய செடி வேலியோரம் தானாக முளைக்கும். கம்பெனி அதன் விதைக்குள் எதையோ மாற்றி, ரத்தத்தில் வருகிற நோய்க்கு மருந்தாக்கியது. பத்து வருஷத்துக்கு முந்தி புதூரணியில் நூற்றிருபது பாத்தி போட்டார்கள். நாற்பத்தொன்றாம் பாத்தி சீனியம்மாள் புருஷன் சோணைமுத்துவுடையது. ஆறு வருஷத்துக்கு முந்தி அதில் பொள்ளாச்சிப் பக்கத்து ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றுக்காக விதைத்தார். இனியா என்று பேர். முதல் தண்ணி ஊற்ற வந்தபோது குடத்தைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்த பிள்ளை.

பதினோராம் நாள் சாறு குடித்த அன்று செத்துப்போனது.

கம்பெனி பாத்தியை அளந்தது. முப்பத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்துநாலு, முப்பத்தைந்து. எடை கூடக் கிடைக்கும் என்று ஆசைப்பட்டு ஆள் நெருக்கி விதைத்துவிட்டான் என்று எழுதினார்கள். எழுதியவன் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போட்டோவைப் பார்த்து எழுதினான். "கயித்துல இருக்கிற முடிச்சுக்கு ரெண்டு விதைன்னு போட்டேன் சாமி, ஒரு முடிச்சும் தாண்டல" என்று சோணைமுத்து கோர்ட்டில் நாலு தடவை சொன்னார். அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. "பயிரிட்டவரின் சொல்லைச் சாட்சியாகக் கொள்ள இயலாது." பிள்ளையின் அப்பன் கோர்ட் வாசலில் அவர் முகத்தில் துப்பினான். துடைக்காமல் நின்றார்.

ரெண்டு வருஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்து எட்டு மாசம் இருந்தார். கொடியில் துணி காயப்போடக் கயிறு கட்டினால்கூட எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். ஒரு நாள் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

விஷயம் கயிற்றில்தான் இருந்தது. முந்தியெல்லாம் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு அப்புறம் தண்ணி விடுவார்கள். அந்த வருஷம்தான் ஈரப் பாத்தியில் விதை என்று உத்தரவு வந்தது. கம்பெனி கொடுத்த கயிறோ நூல் கயிறு. நனைந்தால் இழுத்துப் பிடிக்கும், முடிச்சும் முடிச்சும் நெருங்கும். அந்த வருஷம் எல்லாப் பாத்தியுமே நெருக்கம்தான். பெரிய உடம்புகள் தாங்கிக்கொண்டன. பிள்ளை உடம்பு தாங்கவில்லை. வழக்கு முடிந்த மறுமாதமே கம்பெனி ஊர் முழுக்க நூல் கயிற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு எஃகுக் கம்பிக் கயிறு கொடுத்தது. ஏன் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

வழக்குச் சாமானாகப் போன சோணைமுத்துவின் கயிறு மட்டும் வேண்டாத பொருள் என்று வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதில் ஓர் அட்டை தொங்கியது. "ஆய்வு செய்யப்பட்டது. குறையற்றது." கீழே தேள் கொடுக்கு.

பதினாலாந் தேதி காலையில் சீனியம்மாள் அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். பாத்தியில் கயிறு பிடிக்க ரெண்டு பேர் வேண்டும். மறுமுனை பிடிப்பவள் வேலம்மாள், சோணைமுத்துவின் தங்கச்சி. கயிற்றைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"மதினி, இது அண்ணன் கயிறுல்ல?"

"பிடிடி."

"யாரு பாத்திக்கு?"

"உங்க அண்ணனுக்குக் கொள்ளி வச்சவனுக்கு."

வேலம்மாளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் மறுமுனையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் நனைக்கட்டுமா?" என்று கேட்டாள். அவளும் அந்த வீட்டுக்காரிதானே.

ஈர மண்ணில் கயிறு கிடந்தது. கால் மணி நேரத்தில் முடிச்சுக்கு முடிச்சு ரெண்டு விரற்கடை உள்ளே இழுத்துக்கொண்டது. முதல் முடிச்சுக்கு நேரே சீனியம்மாள் விரலால் குழி குத்தினாள். விதையைக் கையில் எடுத்தாள். கடுகை விடச் சின்ன விதை. ரெண்டு போட்டால் போதும். அப்படியே எண்பது குழி. மார்கழியில் அவன் வந்து குடிப்பான். பதினோரு நாள்.

கை குழிக்கு மேலேயே நின்றது.

"என்ன மதினி, மனசு எளகிருச்சா?"

"எளகவுமில்ல, ஒரு மண்ணுமில்ல. இவன் செத்தா என்ன எழுதுவாங்க? பாத்திக்காரி நெருக்கி விதைச்சுட்டான்னு எழுதுவாங்க. அன்னிக்கு உங்க அண்ணன் போனாரு, இன்னிக்கு நாம ரெண்டு பேரும் போவோம். உங்க அண்ணன் செய்யாததச் செஞ்சு காமிச்ச மாதிரியும் ஆயிரும். பாத்தீங்களா, அந்தக் குடும்பமே அப்பிடித்தான்னு சொல்லுவாங்க." விதையைப் பொட்டலத்தில் திரும்பப் போட்டாள். "இவன் வாயால சொல்லணும்டி. சொல்லிட்டுப் பயந்து சாகணும். சாகாமப் பயப்படணும்."

நூல் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு எஃகுக் கயிற்றைப் பிடித்தார்கள். முப்பத்தெட்டு சென்டிக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ரெண்டு விதை, முளைத்ததும் ஒன்றைப் பிடுங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தி முடிந்தது. அந்த வருஷம் புதூரணியில் அதைவிட ஒழுங்காக விதைத்த பாத்தி இல்லை.

மார்கழி பிறந்தபோது பதினேழாம் பாத்தி பூத்தது. நோயாளிகள் வந்து கம்பெனி கொட்டகையில் நாற்பது நாள் தங்க வேண்டும். காலையில் பறித்து இடித்த சாறு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் பாத்திக்காரியே பறித்து, இடித்து, கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் விநாயகமூர்த்தி பாத்தியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சீனியம்மாள் டம்ளரைக் கையில் கொடுத்தாள். அவன் மடியில் கயிற்றை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க பாத்தி அளந்த கயிறு சார். அட்டை இருக்கு, படிச்சுப் பாருங்க."

படித்தான். அட்டையைத் திருப்பினான், மறுபடியும் படித்தான். அப்புறம்தான் முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க..."

"நாப்பத்தொண்ணாம் பாத்தி சோணைமுத்து பொண்டாட்டி. குடிங்க சார், வெயில் ஏறுது."

"இந்தக் கயிறா? ஈரப் பாத்தியில இந்தக் கயித்தப் பிடிச்சா விதைச்சீங்க?"

"ஆமா. உங்களுக்குன்னு பத்திரமா எடுத்து வச்சிருந்தேன்."

"அறிவிருக்காம்மா! இது நூலு! நனைஞ்சா சுருங்கிருமே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. ரெண்டு பாத்தி தள்ளிப் பூப்பறித்துக்கொண்டிருந்த வேலம்மாள் நிமிர்ந்தாள்.

"சுருங்குமா?" என்றாள் சீனியம்மாள். "குறையத்ததுன்னு எழுதியிருக்கீகளே. உங்க எழுத்து நெசம்னா பயப்படாமக் குடிங்க. பொய்யின்னா, பொய்யின்னு சொல்லுங்க."

"உனக்கு என்ன வேணும்? காசா?"

"காச வச்சு வாய்க்கால் அடைக்கவா? பொள்ளாச்சிக்குப் போன் போடுங்க."

"எங்க?"

"அந்தப் பிள்ளையோட அப்பாவுக்கு. வருஷத்துக்கு ஒருக்கா நான் கூப்பிடுவேன். என் குரலக் கேட்டதும் வச்சிருவாரு. நீங்க பேசுங்க. வெளிய கேக்குற மாதிரி."

நோயாளிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. விதைக்கிற நாள் போனது போனதுதான். வேறு பாத்தி இல்லை. அது அவனை விட நன்றாக யாருக்குத் தெரியும்? பத்து நிமிஷம் மல்லுக்கட்டினான், கம்பெனி மேல் பழி போட்டான், மேலிடத்துச் சொல் என்றான், தனக்கும் பிள்ளைகள் உண்டு என்றான். அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் போனை எடுத்தான்.

"கதிரேசனுங்களா? நான் கம்பெனியில தர அதிகாரியா இருந்த விநாயகமூர்த்தி. உங்க பொண்ணு விஷயமா... அந்தப் பாத்திக்காரர் மேல தப்பு இல்லைங்க. கயிறு. நாங்க கொடுத்த கயிறு நனைஞ்சு சுருங்கிருச்சு. எங்களுக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் எங்கோ மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பத் தெரியுமுங்க?"

"அறிக்கை எழுதறப்பவே."

"நான் அந்த மனுஷன் மூஞ்சில துப்புனனுங்க" என்றது குரல். போன் அணைந்தது.

அதையே தாளில் எழுதிக் கொடு என்றாள். எழுதிக் கொடுத்தான். கொடுக்கு இந்தத் தடவை கோணலாக விழுந்தது. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்பக் குடிக்கலாம் சார். இது எஃகுக் கயித்துல அளந்த பாத்திதான். அந்தக் கயித்துல ஒரு விதையும் விழல."

அவன் நம்பவில்லை. எப்படி நம்புவான்? கொட்டகையிலிருந்து அளவு நாடா கொண்டுவரச் சொல்லி, மண்ணில் முழங்கால் போட்டான். இலையை விலக்கி விலக்கித் தூருக்குத் தூர் அளந்தான். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. குல்லா கழன்று பாத்திக்குள் விழுந்தது, எடுக்கவில்லை. எண்பது செடியையும் அளந்தான். ஆறு வருஷத்துக்கு முந்தி அந்தக் கயிற்றை நனைத்து இப்படிக் குனிந்து அளந்து எழுதியிருந்தால் போதும். எழுந்தபோது முகத்தில் உயிர் வந்திருந்தது. டம்ளரை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"விதைச்சது என்னிக்கு?"

"பதினாலாந் தேதி."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

"நான் சொல்றேன்ல."

"விதை கொடுக்கிற கிட்டங்கியில எழுதியிருப்பாங்க..."

"விதை எடுத்த நாள எழுதியிருப்பாங்க. எடுத்த விதைய நான் என்னிக்கு மண்ணுல போட்டேன்னு கிட்டங்கிக்கு எப்பிடித் தெரியும்? ஒரு வாரம் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்து பனியில போட்டிருந்தா? செடியப் பாத்தாத் தெரியுமா சார்?"

தெரியாது. எந்த நாடாவாலும் அளக்க முடியாது. அதுவும் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டு."

"நோயில்லாதவங்க குடிச்சா விஷம்னு போர்டு வச்சது உங்க ஆளுகதானே?" என்றாள். "பயிரிட்டவரின் சொல்லைச் சாட்சியாகக் கொள்ள இயலாது." அந்த வரியை மட்டும் புத்தகத் தமிழில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "என்கிட்ட இருக்கிறது அந்தச் சொல்லுதான் சார். ஒருக்காச் சொல்லிட்டேன். அவரு நாலு தடவ சொன்னாரு. நான் ரெண்டாந் தடவ சொல்லமாட்டேன்."

வெயில் நாற்காலிக் காலைத் தொட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். பாதி சட்டையில் சிந்தியது.

"நாளைக்குச் சிந்தாமக் குடிங்க. அளவு குறையும்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

அப்படி நாற்பது நாள். தினமும் காலையில் டம்ளரை வாங்குவான், பார்ப்பான், மோந்து பார்ப்பான், ஒரு கேள்வி கேட்பான். விதைத்த அன்று மழை உண்டா? பிறை எந்தப் பக்கம்? அன்று கூலி யார் கொடுத்தது? பொட்டலத்தை எந்தக் கையால் பிரித்தாய்? ஆறு வருஷத்துக்கு முந்தி கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் இப்போது கேட்டான். அவள் மழை இல்லை என்பாள், பிறை பார்க்கவில்லை என்பாள், குடிங்க சார் என்பாள். பதினோராம் நாள் டம்ளர் பல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டது. அன்று சீனியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிச் சொட்டு இறங்கும் வரை பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவள் ருசித்துப் பார்த்த காலை அது ஒன்றுதான்.

மார்கழிக் கடைசியில், விநாயகமூர்த்தி கொட்டகையில் படுத்திருந்த ஒரு சாயங்காலம், பொள்ளாச்சியிலிருந்து கதிரேசன் வந்தான். தென்னந்தோப்புக்காரன், தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்பத்தொன்றாம் பாத்தி எது என்று கேட்டு, அதன் தலைமாட்டில் நின்றான். மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கோணும். கயித்துக்கு ரெண்டு மொனை இருக்குமில்லீங்க? அன்னைக்கு மறுமொனை யாரு புடிச்சது?"

"நான்தான்."

"அப்பறம் கோர்ட்டுல உங்களக் கூப்புடவே இல்லையே?"

"யாரும் கேக்கல."

"நானும் கேக்கலீங்களே" என்றான். குடத்தில் கைவிட்டு மூணு கை தண்ணி அள்ளி அந்தப் பாத்தியில் ஊற்றினான். அவளும் அழ வேண்டிய அழுகையை அவன் போன பிறகுதான் அழுதாள்.

நாற்பது நாள் முடியப் போகிற சமயம் வேலம்மாளுக்கே பொறுக்கவில்லை. "மதினி, ராத்திரியெல்லாம் ஆளு தூங்குறதில்லையாம். மருந்து வேலை செய்யுது, முடி மொளைக்குது, ஆனா பயம் போகல. சொல்லிருவமா? பதினாலாந் தேதிதான்னு நான் வந்து ஒரு வார்த்தை சொன்னா..."

"கேட்டாச் சொல்லு."

"கேக்கமாட்டேங்கிறானே. தினமும் பக்கத்துலதான் நிக்கிறேன்."

"அப்ப சும்மா பூவப் பறி."

நாற்பதாம் நாள் கடைசி டம்ளரைக் குடித்துவிட்டு எழுந்தான். குல்லா இல்லை. கன்னத்தில் சதை வந்திருந்தது.

"பொழைச்சுக்கிட்டேன்" என்றான். "உன்ன நம்பித்தாம்மா குடிச்சேன்."

"இல்ல சார். வேற வழியில்லாமக் குடிச்சீக."

கார் வரப்புக்கு வெளியே நின்றது. நாலடி போனவன் திரும்பினான். தன்னிடம் கேட்கப் போகிறான் என்று வேலம்மாள் பூக்கூடையை இறக்கி வைத்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்குப் பாக்கணும்? அந்தச் சாறு வேற மாதிரி இருந்தா, வேலை காட்ட எத்தன மாசம் ஆகும்?"

"அது உங்க தரப் பிரிவுலதான் கேக்கணும் சார்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அடுத்த பாத்தி தயாராக நனைந்து கிடந்தது. சீனியம்மாள் எஃகுக் கயிற்றைப் பிரித்து ஒரு முனையைப் பிடித்தாள். வேலம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுமுனையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.